எல்லாம் கட்

1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ஆக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைக்கு. மலேசியாவின் கம்போங் மேடானில் கேட்டிருந்தால் ‘கட்’டுக்குத்தான் கொடுத்திருப்பார்கள்.

பந்தாய் நெடுஞ்சாலையில் நம் காரை முந்துகிறவன் கட் பண்ணுகிறான். வரிசையில் நடுவே புகுகிறவனும் அதையேதான் செய்கிறான், சிரித்துக்கொண்டே. சம்பளத்தில் இபிஎஃப் சேமநிதிக்கு 11 விழுக்காடு கட். கரண்ட் பில் கட்டினால் விளக்கு எரியும், கட்டாவிட்டால் கட். பள்ளிக்கு மட்டம் போட்டால் மட்டும் கட் கிடையாது, ‘பொந்தேங்’. அந்த ஒரு மூலையை மலாய் பிடித்துக்கொண்டது.

மாதக் கடைசியில் முடிதிருத்தும் கடை.

“எப்படிக் கட் பண்ணட்டும், அண்ணே?”

“சம்பளத்துல பண்ற மாதிரி வேணாம் தம்பி. கொஞ்சம் விட்டு வை.”