அஞ்சு லோடு வண்டல்

(மேலூர் தாலுகா ஆபீஸ் எதிரே டீக்கடை. மாமா விவசாயி, கையில் மஞ்சள் பை. மாப்பிள்ளைக்குச் சென்னையில் உத்தியோகம்: சுரங்கக் கம்பெனிகளுக்கு உரிம விண்ணப்பம் தயார் செய்வது. பொங்கலுக்கு வராதவர், அக்னி நட்சத்திரத்தில் வந்திருக்கிறார்.)

மாப்பிள்ளை: என்ன மாமா, இந்த வெயில்ல?

மாமா: கண்மாய் வத்திக் கெடக்கு மாப்ள. வயலுக்கு அஞ்சு லோடு வண்டல் அடிக்கணும். சிட்டா, அடங்கல், ஆதாரு, வி.ஏ.ஓ. கையெழுத்து, எல்லாம் இருக்கு. ஒரு ஜெராக்ஸ் கொறையுதாம். இது மூணாவது நடை.

மாப்பிள்ளை: முன்னாடி கலெக்டர் வரைக்கும் போகணும். 2024லதான் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம்னு ஆக்கினாங்க. லேசாயிருச்சுல்ல?

மாமா: லேசுதான். தாசில்தார் மீட்டிங்ல இருக்காரு. ஒங்க வேலையில என்னென்ன ஜெராக்ஸ் கேப்பாக?

மாப்பிள்ளை: எங்களது ஆன்லைன் ஏலம். 2023ல சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் மாதிரி 24 கனிமத்தை மத்திய அரசே ஏலம் விடுது. கூட்டு உரிமம்னு பேரு. தேடுறதுக்கும் தோண்டுறதுக்கும் சேத்து ஒரே உரிமம்.

மாமா: பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தாலியையும் வாங்கிட்டு வர்ற கதை.

மாப்பிள்ளை: ஏலம் எடுத்தவுடனே தோண்டிற முடியுமா? வனத்துறை, சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்...

மாமா: இங்க நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதின்னு ஏலம் விட்டாகளே, எம்புட்டு நெலம்?

மாப்பிள்ளை: 2,015 ஹெக்டேர். ஏக்கர்ல 5,000க்குக் கொஞ்சம் கம்மி.

மாமா: அதுக்குள்ள அரிட்டாபட்டி மலை இருக்கு. சமணர் படுக்கை இருக்கு, தமிழிக் கல்வெட்டு இருக்கு, பாண்டியன் காலத்துக் குடைவரை இருக்கு. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு 2022ல அரசாங்கமே அறிவிச்சுச்சு. ஏலம் விட்டவுக கண்ணுல படலையாக்கும்?

மாப்பிள்ளை: அது 193 ஹெக்டேர்தான் மாமா. மொத்தத்துல பத்துல ஒரு பங்குகூட வராது.

மாமா: ஈரக்கொலையும் ஒடம்புல பத்துல ஒரு பங்கு வராது. ஊர்க்காரன்கிட்ட எப்ப கேப்பீக?

மாப்பிள்ளை: ஏலமெல்லாம் முடிஞ்சு, சுற்றுச்சூழல் அனுமதி கேக்கையில, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவாங்க. முக்கியக் கனிமம்னா 2025 செப்டம்பர்ல அதுக்கும் விலக்குக் கொடுத்துட்டாங்க. நாட்டுப் பாதுகாப்பு.

மாமா: என் வண்டலுக்கு மட்டும் யாரும் விலக்குக் கொடுக்கலையே. அதுல டங்ஸ்டன் கெடக்குன்னு மனுவுல ஒரு வரி எழுதிரவா?

மாப்பிள்ளை: (பதறி) எழுதித் தொலைச்சிராதீங்க! கண்மாயே ஏலத்துக்குப் போயிரும்.

மாமா: போகட்டுமே. 2024 நவம்பர்ல ஏலம் முடிஞ்சுச்சு. அடுத்த ஜனவரி 7ஆம் தேதி, அது வேணாம்னு நரசிங்கம்பட்டியில இருந்து மதுரைத் தல்லாகுளத்துக்கு ஊரே நடந்துச்சு, பொம்பளைக பிள்ளையத் தூக்கிக்கிட்டு. 23ஆம் தேதி ரத்து. 5,000 ஏக்கருக்கு ஒரு நடை. அஞ்சு லோடுக்கு மூணு நடை நடந்துட்டேன், கைப்பிடி மண்ணு வரலை.

(ஆபீஸ் உதவியாளர் வாசலில் வந்து கத்துகிறார்: "வண்டல் மண்ணு ஆரு? புலப்படம் ரெண்டு காப்பி!")

மாமா: (எழுந்து) மாப்ள, நீ படிச்சவன். புலப்படம் ஒங்களுக்கு எத்தனை காப்பி கேட்டாக?

மாப்பிள்ளை: நாங்க சாட்டிலைட்ல எடுத்துக்குவோம் மாமா.

(எதிரே ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.)