ஸ்டிக்கர் ஒட்டுவோர் சங்கத்துக்கு ஒரு சட்டதிட்டம்

ஓசூர் மூக்கண்டப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் தீயணைப்பு சிலிண்டர் சர்வீஸ் செய்கிறவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் கண்டால், அதற்குச் சட்டதிட்டம் எழுதித் தர நான் தயார். கூலி வேண்டாம். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்து இருந்தால் போதும். சிப்காட் ரோட்டில் ஏழு பேர் கிடைக்காமலா போவார்கள்? ஏழு பேரும் ஒருவர் கொட்டேஷனை இன்னொருவர் வெட்டியவர்களாகத்தான் இருப்பார்கள். காலையில் முதலாமவர் ஆறு கிலோ ஏபிசி ரீஃபில்லிங்குக்கு ஒரு ரேட் எழுதுவார். மதியத்துக்குள் இரண்டாமவர் அதில் நூறு ரூபாய் குறைப்பார். சாயங்காலம் மூன்றாமவர் வந்து, பவுடர் வாங்குகிற விலைக்கும் கீழே இறங்கி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போவார். அந்த ரேட்டில் அவர் எப்படி ரீஃபில் செய்கிறார் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சங்கத்தின் முதல் விதி இதுதான்.

கேட்காமல் இருக்க முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் தொழில் ரகசியம். சிவப்பு சிலிண்டருக்குள் இருக்க வேண்டியது மோனோ அமோனியம் பாஸ்பேட் பவுடர். அதற்கு ஐஎஸ் 14609 என்று தரநிலையே இருக்கிறது. தொண்ணூறு சதவீதம் சரக்குள்ள பவுடர் ஒரு விலை, ஐம்பது சதவீதம் உள்ளது ஒரு விலை. பழைய பவுடரையே கொட்டிச் சலித்துத் திரும்பப் போட்டால் அந்த விலையும் கிடையாது. அழுத்தத்துக்கு ஈரமில்லாத நைட்ரஜன் ஏற்ற வேண்டும். ஆனால் பஞ்சர் கடை கம்ப்ரஸரில் பிடித்த காற்றும் கேஜ் முள்ளைப் பச்சைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே பவுடரைக் கட்டியாக்கிக்கொண்டிருப்பது முள்ளுக்குத் தெரியாது. உள்ளே இருப்பது மருந்தா கோலமாவா என்பதும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அழுத்தம் ஒன்றுதான். கார்பன் டைஆக்ஸைடு சிலிண்டரில் அந்த முள்ளும் கிடையாது. எடை போட்டால்தான் வாயு இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியும். சர்வீஸுக்கு வருகிற பையனின் பையில் துணி இருக்கும், டேக் கட்டு இருக்கும், மார்க்கர் பேனா இருக்கும். தராசு இருந்தால் தயவுசெய்து போட்டோ எடுத்து அனுப்புங்கள், பிரேம் போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

ஐஎஸ் 2190 என்று இன்னொன்று உண்டு. பராமரிப்பு எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வது. அதன் 2010ஆம் ஆண்டுப் பதிப்பின்படி பவுடர் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை, கார்பன் டைஆக்ஸைடுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. பவுடர் சிலிண்டரின் ஆயுள் பத்து ஆண்டு, கார்பன் டைஆக்ஸைடுக்குப் பதினைந்து. அதன் பிறகு தூக்கி எறிய வேண்டும். இவ்வளவையும் ஒரு டப்பா சிவப்புப் பெயின்டில் முடித்துவிடுகிற திறமை நம்மிடம் இருக்கிறது. சிலிண்டரில் குத்தியிருக்கும் ஆண்டின் மேல் இரண்டு கோட் அடித்தால் வயது மறைந்துவிடும். சங்கத்தின் கொடிக்கு வண்ணம் தேட வேண்டிய கவலையும் தீர்ந்தது.

பழி முழுவதையும் சர்வீஸ்காரர் தலையில் கட்டுவது அநியாயம். அவருக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் பர்சேஸ் டிபார்ட்மென்ட். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி: "எல்-ஒன் யாரு?" அதாவது, யார் ரேட் குறைவு. இரண்டாவது: "டேக் எப்ப மாத்துவீங்க? புதன்கிழமை கஸ்டமர் ஆடிட் இருக்கு." மூன்றாவது கேள்வி கிடையாது. புதன்கிழமை வருகிற ஆடிட்டர் டேக்கில் தேதியைப் பார்ப்பார், டிக் அடிப்பார், மதியம் பிரியாணி சாப்பிடுவார். சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, காதை வைத்து, உள்ளே பவுடர் நகர்கிறதா என்று கேட்கிற ஆடிட்டர் எங்காவது இருந்தால் அவருக்கு சங்கத்தின் கௌரவ விரோதி பட்டம் தரலாம். பல கோடி ரூபாய் மெஷின் மக்கர் செய்தால் வெளிநாட்டிலிருந்து இன்ஜினீயர் விமானத்தில் வருகிறார். ஆளைக் காக்க வேண்டிய சிலிண்டருக்கு ஸ்பிளெண்டரில் வருகிற பையன் போதும். அந்தப் பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஒரே நாளில் இருநூறு சிலிண்டர் முடி என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு நாளில் இருநூறு சிலிண்டரைத் துடைக்கலாம். சோதிக்க முடியாது.

தீ எங்கோ வடக்கில் பிடிக்கிற சமாசாரம் என்று ஓசூர்க்காரர் யாரும் சொல்ல முடியாது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. 2023 அக்டோபர் 7ஆம் தேதி அங்கே பட்டாசுக் கிடங்கு எரிந்தது. தீபாவளி சீசனில் நாலு காசு பார்க்கலாம் என்று அரூர் பக்கம் அம்மாபேட்டையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் போன பையன்கள் உள்ளே இருந்தார்கள். அவர்களில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் உண்டு. மறுநாளுக்குள் 14 பேர் போய்விட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரியிலும் சாவு தொடர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 29ஆம் தேதி கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பர் 28 காலையில் ஓசூரை அடுத்த டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ரசாயனம் வைத்திருந்த பகுதி பற்றியது. ஷிப்டில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள், உயிர்ச்சேதம் இல்லை.

பட்டாசுக் கிடங்கு வெடிக்கும்போது ஆறு கிலோ சிலிண்டரால் ஒன்றும் ஆகாது என்று சங்கத் தலைவர் எழுந்து நின்று சொல்வார். சரிதான். அந்தச் சிலிண்டர் பெருந்தீக்கு வைத்ததல்ல. பேனல் போர்டில் பொறி தட்டுகிற, எண்ணெய்த் துணி புகைகிற முதல் நிமிஷத்துக்கு வைத்தது. அந்த நிமிஷத்தில் அதைச் சுவரிலிருந்து கழற்றுகிற கை எம்.டி.யின் கையல்ல, ஆடிட்டரின் கையுமல்ல. ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளியின் கை. ஹாஸ்டலில் தங்கி நைட் ஷிப்ட் வருகிற பெண்ணின் கை. பின்னை இழுத்து, லீவரை அழுத்தி, ஹோஸிலிருந்து புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தால், அந்தப் பெண் ஓடித் தப்பிக்க வேண்டிய பத்து விநாடியை நாம் திருடிவிட்டோம் என்று அர்த்தம். டேக்கில் மட்டும் அடுத்த சர்வீஸ் தேதி அழகாக எழுதியிருக்கும். 2024 மே 25ஆம் தேதி இரவு டெல்லி விவேக் விகார் குழந்தைகள் மருத்துவமனையில் பச்சிளம் சிசுக்கள் கருகின. அங்கே மாட்டியிருந்த சிலிண்டர்கள் காலாவதியானவை என்று போலீஸ் சொன்னது. காலாவதியான தேதியாவது உண்மையைச் சொல்லியது. நம் ஊர் ஆள் சர்வீஸ் செய்திருந்தால் அந்தத் தேதியும் புதிதாக இருந்திருக்கும்.

இனி சங்கத்தின் முதல் பொதுக்குழு. தீர்மானம் ஒன்று, ரேட் கட்டுவது. "ஆறு கிலோவுக்கு இதுக்குக் கீழ யாரும் போகக் கூடாதுண்ணே." கைதட்டல். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இப்படிக் கூடி விலை கட்டுவதைத் தடுக்கிறது, மருந்துக் கடைக்காரர் சங்கங்கள் சிலவற்றுக்குப் போட்டி ஆணையம் அபராதம் போட்ட கதையும் உண்டு என்று யாராவது சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். தீர்மானம் இரண்டு, எல்லைப் பிரச்சினை. "பொம்மசந்திராவிலிருந்து வர்ற பார்ட்டிங்க ரேட்டைக் கெடுத்துட்டாங்க." அந்தப் பக்கம் இதே நேரத்தில், தமிழ்நாட்டுக்காரன் வந்து கெடுத்துவிட்டான் என்று கன்னடத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். காவிரியில் முடியாத ஒற்றுமை கோலமாவில் கைகூடியிருக்கிறது. தீர்மானம் மூன்று, அடையாள அட்டை, வண்டிக்கு ஸ்டிக்கர். ஸ்டிக்கருக்கு எதிர்ப்பே இருக்காது, அது குலத்தொழில்.

விலை கட்டுவதைத்தான் சட்டம் தடுக்கிறது. தரம் கட்டுவதைத் தடுக்கவில்லை. தடுக்காத அந்த ஒரு வேலையைத்தான் சங்கம் தொடாது. பிரிட்டனில் பேஃப் என்ற தனி அமைப்பு 1984 முதல் சர்வீஸ் கம்பெனிகளுக்குச் சான்று தருகிறது. அங்குள்ள தீப் பாதுகாப்புத் தொழிலின் சங்கத்தில் சேர வேண்டுமானால் அப்படி வெளியார் கொடுத்த சான்று கையில் இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உரிமம் பெற்ற ஏஜென்சி தீயணைப்புச் சாதனங்களை ஜனவரியிலும் ஜூலையிலும் பார்த்துப் படிவம் தர வேண்டும் என்கிறது. அதே மகாராஷ்டிரத்தில்தான் 2021 ஜனவரியில் பண்டாரா அரசு மருத்துவமனையில் 10 சிசுக்கள் செத்தன. ஆகவே காகிதத்தை நம்பி நான் இதைச் சொல்லவில்லை. காகிதத்தில் யார் கையெழுத்து என்று தெரிந்தால் குறைந்தபட்சம் சட்டையைப் பிடிக்கலாம். நம் ஊர் டேக்கில் இருக்கும் கிறுக்கலுக்குச் சட்டையே கிடையாது.

எனவே என் சட்டதிட்டத்தில் ஒரே ஒரு விதியை உருப்படியாக எழுதி வைக்கிறேன். ஏப்ரல் 14 தீயணைப்பு வாரம் தொடங்கும் நாள். 1944இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். நமக்கு அது சித்திரை ஒன்று, லீவு நாள், பொன்னாடைக்கு உகந்த நாள். பொன்னாடை வேண்டாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் சர்வீஸ் செய்து டேக் கட்டிய சிலிண்டர்களில் பத்தை, அவரிடம் சொல்லாமல், அந்தந்தக் கம்பெனிச் சுவரிலிருந்தே கழற்றி வர வேண்டும். மூக்கண்டப்பள்ளியில் ஏதாவது காலி மைதானத்தில் தட்டில் டீசல் ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் வண்டியோடு பக்கத்தில் நிற்கட்டும். டேக்கில் யார் பெயரோ, அவரே வந்து பின்னை இழுக்கட்டும். பர்சேஸ் மேனேஜர்களுக்கு முன்வரிசை. அணைந்தால் உறுப்பினர். அணையாவிட்டால் அவர் அந்த ஆண்டு கட்டிய டேக் அத்தனையையும் திரும்பப் போய்க் கழற்றி, சொந்தச் செலவில் ரீஃபில் செய்து, கம்பெனி கம்பெனியாகத் தொழிலாளர்கள் முன்னால் அழுத்திக் காட்ட வேண்டும்.

இந்த விதியோடு சேர்த்துக் கையெழுத்துப் போட ஏழு பேர் வந்தால் பதிவுக் கட்டணத்தை நான் கட்டுகிறேன். ஃபாரம் என் மேஜையில் இருக்கிறது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் ரேட்டைத்தான் கேட்டார்கள்.