படிவத்தில் இல்லாத கட்டம்

என் மகள் படிக்கும் பள்ளியில் ‘குழந்தைப் பருவ உடற்பருமன் தடுப்புத் திட்டம்’ அமோக வெற்றி. அத்தாட்சி இருக்கிறது: பேனர் இரண்டு, பேரணி ஒன்று, உறுதிமொழி எடுத்த பிள்ளைகள் 600 பேர், வாட்ஸ்அப் குழுவில் 143 படங்கள். எந்தப் பிள்ளையின் எடை என்ன ஆயிற்று என்ற விவரம் மட்டும் கிடையாது.

எடையே பார்க்கவில்லை என்று பழி போடக்கூடாது. ஜூன் மாதம் பார்த்தார்கள். ஷூவைக் கழற்றாமல், பையைத் தோளிலிருந்து இறக்காமல், பெல் அடிப்பதற்குள் நாலு செக்‌ஷன். உயரத்தையும் எடையையும் கட்டம் மாற்றி எழுதியதில், என் மகள் 26 சென்டிமீட்டர் உயரம், 128 கிலோ எடை. யாரும் திடுக்கிடவில்லை. திடுக்கிடுவதற்கு யாராவது அதைப் படித்திருக்க வேண்டுமே! அவள் வகுப்புப் பையன் ஒருவனின் எடையை மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் ‘ஐம்பத்தெட்டு’. திட்டத்தால் இன்றுவரை நிலைத்து நிற்கிற ஒரே பலன் அது; அறிக்கையில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

மார்ச்சில் மறுபடி நிறுக்க வேண்டும். ஆண்டுத் தேர்வு குறுக்கே வந்துவிட்டது. தேர்வு மார்ச்சில் வரும் என்று திட்டம் போட்டவர்களுக்கு எப்படித் தெரியும், பாவம்! எடைக்குப் பதில் ஒரு கேள்வித்தாள்: ‘எது நல்லது, பழமா பப்ஸா?’ எல்லாப் பிள்ளைகளும் பழத்துக்கு டிக் அடித்தார்கள். விழிப்புணர்வு 100 சதவீதம். டிக் அடித்த கையிலேயே ஆளுக்கொரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட், ஸ்பான்சர் உபயம். ‘வாரம் எத்தனை விளையாட்டு வகுப்பு?’ என்று இன்னொரு கேள்வி. மூன்று. மூன்றையும் கணக்கு சார் எடுத்துக்கொள்வதைக் கேட்க அதில் கேள்வி இல்லை.

அமெரிக்காவில், பாஸ்டனுக்குப் பக்கத்தில், சாமர்வில் என்றொரு ஊர். 2003-இல் அங்கே முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பள்ளிச் சமையலறை, நடந்து வரும் பாதை, ஊர் ஹோட்டல் என எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். அதோடு, இந்தத் திட்டம் இல்லாத வேறு இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் நிறுத்துப் பார்த்தார்கள். என்ன அசட்டுத் துணிச்சல்! திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று வெளியே தெரிந்துவிட்டால்? ஒரு கல்வியாண்டு முடிவில் கிடைத்த வித்தியாசம், எட்டு வயதுப் பிள்ளைக்குச் சுமார் அரைக் கிலோ. ஊரே கூடி வடம் பிடித்து அரைக் கிலோ. அதை அப்படியே எழுதினார்கள். நம்மவர்கள் ஒரே மத்தியானத்தில் 100 சதவீதம்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிஞ்சிய பண்டங்களை விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இலேயே விதி போட்டுவிட்டது. எங்கள் பள்ளி வாசலிலிருந்து பெட்டிக்கடை, நான் எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு எட்டு. ஐந்து ரூபாய் சிப்ஸ் சரம் சரமாகத் தொங்கும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில். பேரணி அதன் முன்னால்தான் திரும்பியது. மதிப்பீடு செய்ய வந்த குழு அங்கேதான் டீ குடித்தது, சர்க்கரை தூக்கலாக. அவர்கள் கையிலிருந்த படிவத்தில் கடைக்குக் கட்டம் இல்லை.

கடைக்கார அக்காவைத் திட்டி என்ன பயன்? சரத்தை மாட்டிவிட்டுப் போவது கம்பெனி வேன். செவ்வாய்க்கிழமை தவறாது. வேனிலிருந்து இறங்கும் பையன் போன வாரம் தொங்கவிட்டது எத்தனை, மிச்சம் எத்தனை, எந்த ருசி சீக்கிரம் தீர்ந்தது என்று பாக்கெட் பாக்கெட்டாக எண்ணி போனில் ஏற்றிக்கொண்டு போகிறான். இந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன தின்கிறார்கள் என்று ஒரு வாரம் விடாமல் கணக்கெடுக்கிற ஒரே ஆள் அவன்தான்.