பழைய அரிசியும் நெருப்புக் குதிரையும்

நிஷி-கசாய், டோக்கியோ
30-12-2025

அன்புள்ள மாமாவுக்கு,

"வாட்ஸ்ஆப்ல கட்டை விரலைக் காட்டிட்டு ஓடாதே. வருஷம் எப்படிப் போச்சுன்னு ஒழுங்கா உட்கார்ந்து எழுது" என்று அதட்டினீர்கள். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் காலமெல்லாம் பேரேடு எழுதியவர் கேட்டால் வரவு செலவு காட்டாமல் தப்ப முடியுமா? ஆபீஸுக்கு 3-ஆம் தேதி வரை லீவு, வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். எழுதிவிடுகிறேன்.

முதலில் அரிசிக் கணக்கு. அத்தை நம்பமாட்டார், இந்த வருஷம் நான் ஜப்பானில் கிட்டத்தட்ட ரேஷன் அரிசிக்கே வரிசையில் நின்றேன். 2,000 யென் சொச்சத்துக்கு வாங்கிக்கொண்டிருந்த 5 கிலோ பை, இந்த வசந்தத்தில் 4,200 யென்னைத் தாண்டிவிட்டது. 2023 வெயிலில் நெல் தரம் கெட்டது, 2024 ஆகஸ்டில் பெரிய நிலநடுக்கம் வரலாம் என்று எச்சரித்ததும் ஆளாளுக்கு வாங்கி அடுக்கியது, நெல்லைக் குறைத்துப் போடுங்கள் என்று பல காலமாக விவசாயிகளைப் பழக்கிய அரசுக் கொள்கை என்று டிவியில் தினம் ஒரு காரணம். இந்த நேரம் பார்த்து மே மாதம் வேளாண் அமைச்சர் எத்தோ, தாம் அரிசியைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுப்பதே விற்கிற அளவுக்குக் கிடக்கிறது என்று ஒரு கூட்டத்தில் பெருமையாகப் பேசினார். அந்த வாரமே பதவி போயிற்று. இதைப் படித்து நம்மூரில் மந்திரிகள் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்து வந்த கொய்சுமி, முன்னாள் பிரதமரின் மகன், அரசுக் கிடங்கில் இருந்ததை நேராகக் கடைகளுக்குத் திறந்துவிட்டார். 5 கிலோ ஏறக்குறைய 2,000 யென். 2022-இலும் 2021-இலும் அறுத்த அரிசி. உடனே ஊரே கலங்கிவிட்டது. இவ்வளவு பழைய அரிசியைச் சாப்பிடலாமா, வாடை வருமா, எண்ணெய் விட்டு வேகவைப்பதா, சாக்கே மது விட்டு வேகவைப்பதா என்று டிவியில் நிபுணர்கள் மூக்கருகே கிண்ணத்தை வைத்து முகர்ந்து முகர்ந்து பார்த்தார்கள். மாமா, நம் பாட்டி அரிசிக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வியே "பழைய அரிசிதானே?" என்பதல்லவா! புது அரிசி குழையும், வயிற்றுக்கு மந்தம் என்று திருப்பி அனுப்புகிற வம்சம் நாம். இந்த நாட்டிலேயே அந்த அரிசியை ஆசைப்பட்டு வாங்கப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடை திறக்கும் முன்பே வரிசை தெருமுனையைத் திரும்பிவிட்டது. குடும்பத்துக்கு ஒரு பை, அதற்கொரு டோக்கன். தள்ளுமுள்ளு கிடையாது, "கொஞ்சம் இடம் பிடிச்சு வைங்க" கிடையாது. சுவாரசியமே இல்லாத வரிசை. முன்னால் நின்றவர் எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி. எங்கிருந்தோ வந்த பிள்ளை இப்படிப் பழைய அரிசி தின்ன வேண்டியிருக்கிறதே என்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். எங்கள் ஊரில் பழைய அரிசிக்குத்தான் விலை அதிகம் என்றேன். அவர் மனம் நோகக்கூடாதென்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு முறை குனிந்து நன்றி சொன்னார். வீட்டுக்கு வந்து வடித்தால், நாலு வருஷம் கிடங்கில் இருந்தும் அதன் பசை போகவில்லை. சாம்பாரை ஊற்றினால் நடுவில் தீவு மாதிரி கெட்டியாக நிற்கிறது. இங்கே இந்தியக் கடையில் நம் அரிசி கிடைக்கும்தான். ஆனால் வெளிநாட்டு அரிசிக்குக் கிலோவுக்கு 341 யென் சுங்கம் போட்டு வைத்திருக்கிற நாடு இது. அந்த மூட்டையை அமாவாசைக்கும் பண்டிகைக்கும்தான் பிரிப்பேன்.

வெயிலைப் பற்றி ஒரு வரி போதும். ஆகஸ்ட் 5 அன்று இசேசாகி என்கிற ஊரில் 41.8 டிகிரி, இந்த நாட்டிலேயே இதுவரை பதிவான உச்சம். ஆபீஸில் எல்லோரும் என்னிடம் வந்து "உனக்கென்ன, பழக்கம்தானே" என்றார்கள். அக்னி நட்சத்திரத்தில் காஞ்சிபுரத்துக்காரன் மத்தியானம் வெளியே வரமாட்டான், உங்களை மாதிரி டை கட்டிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடமாட்டான் என்று சொல்ல எனக்கு ஜப்பானிய மொழி போதவில்லை.

அத்தை கரடியைப் பற்றிக் கேட்டாராம். கரடிகள் வடக்கே அகிதா, இவாதே பக்கம் ஊருக்குள் வந்து ஆட்களைத் தாக்கியது உண்மை. அகிதாவுக்கு ராணுவமே உதவிக்குப் போனது. ஆனால் என் அபார்ட்மென்ட் லிஃப்டில் இதுவரை ஏறவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருஷத்துக்குரிய எழுத்து ஒன்றை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கியோத்தோவின் கியோமிசு கோயில் தலைமைக் குரு அதைப் பெரிய தூரிகையால் எழுதிக் காட்டுவார். இந்த வருஷம் கரடி என்ற எழுத்து ஜெயித்தது, அரிசி என்ற எழுத்துக்கு மயிரிழையில் இரண்டாம் இடம். என் ஓட்டு எதற்கென்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் வந்தால் வருஷத்தை மறப்பதற்கென்றே ஆபீஸ் ஆபீஸாக விருந்து வைப்பார்கள். என் சைவத்துக்காக மேனேஜர் தனியாகத் தோஃபு சொல்லி வைத்திருந்தார். வந்தது. மேலே தூவியிருந்த மெல்லிய பழுப்புச் சீவல் ஆவி பட்டு நெளிந்தது, சுருண்டது, எழுந்து ஆடியது. விசாரித்தால் தூத்துக்குடிப் பக்கத்து மாசிக்கருவாட்டின் சொந்தக்காரர்தான். காய வைத்துப் புகைபோட்டு, மரக்கட்டை பதத்துக்குக் கொண்டுவந்து, சீவித் தூவுகிறார்கள். "இது மீன் இல்லை, வாசனைக்கு" என்று பக்கத்தில் இருந்தவர் சமாதானம் சொன்னார். நாளை ராத்திரி எல்லோரும் சாப்பிடுகிற சோபா நூடுல்ஸ் சாற்றிலும் இவரே உண்டு. நான் ரசம் வைத்து அதில் நூடுல்ஸைப் போட்டுக்கொள்வதாக உத்தேசம். நீண்ட ஆயுளுக்கென்று சாப்பிடுவது, எந்தச் சாற்றில் என்று சாஸ்திரம் கேட்காது.

இனி, பற்று வரவில் தீராமல் நிற்கிற ஒரு தொகை. நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருஷம் முழுக்க என் டிவி மேல் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் முறைத்துக்கொண்டிருக்கிறார். தருமா பொம்மை. காஞ்சியின் பல்லவ இளவரசர் என்று மரபு சொல்கிற போதிதர்மரேதான். ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்துத் தியானம் செய்ததில் கைகால் போயிற்று என்று கதை, அதனால் உருண்டையாக, சிவப்பாக, தாடி மீசையோடு செய்கிறார்கள். தள்ளினால் எழுந்து உட்காருவார். வேண்டுதல் வைத்து ஒரு கண் எழுத வேண்டும், நிறைவேறினால் மற்றக் கண். வருஷக் கடைசியில் கோயிலில் ஒப்படைத்தால் எரித்துவிடுவார்கள். ஜப்பானிய மொழித் தேர்வில் என்-2 பாஸாக வேண்டும் என்று ஜனவரியில் ஒரு கண் எழுதினேன். தேர்வு டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது, ரிசல்ட் ஜனவரி கடைசியில். ஆக அவரை எரிக்கவும் முடியாது, கண் திறக்கவும் முடியாது. பல்லவர் ஆச்சே, கொஞ்சம் பொறுக்கட்டும்.

வரப்போகிறது குதிரை வருஷம். வெறும் குதிரை இல்லை, நெருப்புக் குதிரை. பன்னிரண்டு மிருகங்கள், ஐந்து பூதங்கள், பெருக்கினால் நம் பிரபவ முதல் அட்சய வரை மாதிரியே அறுபது வருஷச் சுற்று. போன நெருப்புக் குதிரை 1966. அந்த வருஷம் பிறந்த பெண் புருஷனை வாழவிடமாட்டாள் என்று இங்கே ஒரு நம்பிக்கை. 17-ஆம் நூற்றாண்டில் காதலனைப் பார்க்க ஊருக்குத் தீ வைத்ததாகச் சொல்லப்படும் ஓஷிச்சி என்ற காய்கறிக்கடைப் பெண்ணும் நெருப்புக் குதிரை வருஷத்தில் பிறந்தவள் என்று அவள் தலையில் பழியைக் கட்டிவிட்டார்கள். விளைவு, 1965-இல் 18 லட்சத்துக்கு மேல் பிறந்த குழந்தைகள் 1966-இல் 13.6 லட்சமாகக் குறைந்து, மறு வருஷமே 19 லட்சத்தைத் தாண்டின. ரயிலை நொடி பிசகாமல் விடுகிற தேசம் இப்படியா என்று சிரிக்க வாய் திறந்தேன். மூல நட்சத்திரப் பெண்ணுக்கு மாமனார் இல்லாத வீடாகத் தேடுகிற நம் தெரு ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். இந்தத் தடவை என்ன ஆகுமென்று பத்திரிகைகள் கவலைப்படுகின்றன. 2024-இல் பிறந்ததே 6.86 லட்சம்தான். குதிரைக்குப் பயந்து இன்னும் குறைக்க என்ன இருக்கிறது?

மாமா, நீங்கள் 1966 ஆனியில் பிறந்தவர், பராபவ வருஷம். சித்திரையில் அதே பராபவ திரும்பி வருகிறது. "எனக்கென்னடா அறுபதாம் கல்யாணம், வீண் செலவு" என்று நீங்கள் சொன்னது அத்தை மூலம் காதுக்கு வந்தது. நடக்காது. திருக்கடையூரில் இடத்துக்குச் சொல்லிவைக்க அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாமாவுக்கு விசேஷம் என்று லீவு கேட்டால் மேனேஜர் என்ன சொல்வாரோ என்று தயங்கித்தான் போனேன். அறுபது என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இங்கேயும் அறுபது நிறைந்தால் கொண்டாட்டம் உண்டு. சுற்று முடிந்து மறுபடி குழந்தையாகிறார் என்று சிவப்புக் குல்லாயும் கையில்லாத சிவப்புச் சட்டையும் மாட்டிவிடுவார்களாம். அவர் அப்பாவின் போட்டோவைக் காட்டினார். பக்கத்து மேஜைக்காரர்களும் வந்து பார்த்தார்கள். ஒரு வாரம் லீவு உறுதி.

எனவே அடுத்த வருஷத்துக்கு என் எதிர்பார்ப்புகள்: பாஸாக வேண்டும், அரிசி விலை இறங்க வேண்டும், அத்தை ஜாதகம் அனுப்புவதை ஆனி வரைக்குமாவது நிறுத்திவைக்க வேண்டும். முதலில் உங்கள் கல்யாணம் முடியட்டும், என்னுடையதை அப்புறம் பேசலாம்.

சிவப்புச் சட்டை வாங்கிக்கொண்டுதான் வருவேன். கலசாபிஷேகம் முடிந்து ஈர வேட்டியை மாற்றியதும் ஒரு போட்டோவுக்காவது போட்டுக்கொள்ள வேண்டும், மேனேஜருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இங்கே எக்ஸ்.எல். என்று விற்பது நம்மூர் மீடியம்தான். அதனால் அத்தையிடம் டேப்பைக் கொடுத்து, இஞ்சுக் கணக்கில் அளவெடுத்து அனுப்பவும். அளக்கும்போது தயவுசெய்து வயிற்றை எக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமான்