தலைப்பெழுத்தும் தலையெழுத்தும்

‘பாஸ்போர்ட் பற்றிக் கேளுங்கள்’ என்று போன இதழில் ஒரு வரி போட்டோம். வந்த கடிதங்களில் பாதி, ‘என் பெயரை வெளியிட வேண்டாம்’ என்றன. மீதிப் பாதியை எழுதியவர்களுக்கு எது தங்கள் பெயர் என்பதிலேயே சந்தேகம். ஆகவே ஊரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பாஸ்போர்ட் எடுக்க முதலில் என்ன செய்ய வேண்டும்?
– பேராவூரணி வாசகர்

பீரோவைத் திறந்து காகிதங்களை எல்லாம் பாயில் பரப்புங்கள். ஆதார், வோட்டர் ஐடி, பான் கார்டு, டி.சி., பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். இத்தனை காலம் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைகளில் குடியிருந்த இவை ஒன்றையொன்று சந்திப்பது இதுவே முதல் தடவை. கல்யாண வீட்டில் பங்காளிகள் சந்திப்பது மாதிரிதான். யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடுவது நல்லது. கவுன்ட்டரில் போய்த் தெரிந்தால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போச்சு.

விண்ணப்பத்தில் ‘சர் நேம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் வம்சத்தில் யாருக்கும் அது கிடையாதே, என்ன எழுதுவது?
– சங்கரன்கோவில் வாசகர்

உங்கள் வம்சத்துக்கு மட்டுமா இல்லை? 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டது. வாலை வெட்டிவிட்டு, அப்பா பெயரின் ஓர் எழுத்தை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற மக்கள் நாம். அந்தக் கட்டத்தை வரைந்தவர் மனதில் நாம் இல்லை.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏறாது. புள்ளியை விரித்து முழுப்பெயராக்க வேண்டும். அப்பா முத்தையா, மகன் கருப்பசாமி என்று வைத்துக்கொள்வோம். ‘கிவன் நேம்’ கட்டத்தில் கருப்பசாமி, ‘சர் நேம்’ கட்டத்தில் முத்தையா என்று எழுதலாம். அப்படி எழுதினால் வெளிநாட்டு ஆபீசில் ‘மிஸ்டர் முத்தையா’ என்பார்கள். நீங்கள்தான் எழுந்து போக வேண்டும். ஊரில் ஒருவனை அவன் அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கைகலப்பு நிச்சயம். அங்கே அதற்குப் பெயர் மரியாதை.

இரண்டு பெயரையும் ‘கிவன் நேம்’ கட்டத்திலேயே போட்டுவிட்டு மற்றதை வெறுமனே விடலாம், பாஸ்போர்ட் வந்துவிடும். வம்பு பிறகுதான். அமெரிக்க விசாவில் சர் நேம் இல்லாதவரின் பெயரை அப்படியே தூக்கி சர் நேம் இடத்தில் வைத்துவிட்டு, முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அடிப்பார்கள். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. பெயர் வைத்துக் காது குத்திக் கிடா வெட்டிய அத்தனை பேரும் இங்கே இருக்க, பெயர் தெரியவில்லையாம்!

‘கருப்பசாமி’ என்று ஒற்றைப் பெயரோடு நின்றுவிட்டாலும் சிக்கல் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்றது. அடுத்த சில நாட்களில், பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. அந்த இடைவெளியில் நம் பக்கத்து ‘எஸ்’களுக்கும் ‘கே’களுக்கும் எகிறிய ரத்த அழுத்தத்துக்கு யார் பொறுப்பு?

என் யோசனை: முதல் வழி. அதையும் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்யுங்கள். அப்படியும் உங்கள் மகனின் சர் நேம் கருப்பசாமி, பேரனின் சர் நேம் வேறு. மூன்று தலைமுறை ஒன்றாக விமானம் ஏறினால் ஒரே குடும்பம் என்று நம்பவைக்க முகச்சாடையைத்தான் காட்ட வேண்டும்.

திருமணத்துக்குப் பிறகு அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டே ஆக வேண்டுமா?
– பரமக்குடி வாசகி

வேண்டியதில்லை அம்மா. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியபோது திருமணச் சான்றிதழ் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டில் ஒன்று இருந்தாலும் போதும் என்றும் ஆயிற்று. அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டது. மாமியார் கேட்டால், அது பாஸ்போர்ட் ஆபீசின் வரம்புக்குள் வராது.

ஜாதகத்தில் ஐப்பசி, மார்க் ஷீட்டில் ஜூன், ஆதாரில் ஜனவரி 1. நான் எப்போது பிறந்தேன்?
– பொன்னமராவதி வாசகர்

ஐப்பசியில் பிறந்தீர்கள். ஜூனில் ஹெட்மாஸ்டர் உங்களைப் பெற்றெடுத்தார். ஜனவரியில் கம்ப்யூட்டர்.

வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டுக் காட்டினால் ஐந்து வயது முடிந்தது என்று பையனைச் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. கை எட்டியதும், அந்த வருடத்திலிருந்து ஐந்தைக் கழித்து, கைக்கு வந்த தேதியை எழுதிவிடுவார் ஹெட்மாஸ்டர். இந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்ததற்குக் காரணம் கிரகங்கள் இல்லை.

1989 ஜனவரி 26க்குப் பிறகு பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று முன்பு இருந்தது. 2016 டிசம்பரில் அதுவும் போயிற்று. டி.சி., மார்க் ஷீட், பான், ஓட்டுநர் உரிமம் என்று பலவற்றில் ஒன்றைக் காட்டலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் தவிர வேறெதுவும் செல்லாது. உங்களுக்கு வழி: மார்க் ஷீட் தேதியை மூலவராக வைத்து ஆதாரை அதற்கேற்பத் திருத்துங்கள். ஐப்பசியை ஜோசியரிடம் விட்டுவிடுங்கள். தேதி இரண்டாக இருக்கும்போது விண்ணப்பத்தில் பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்று எவராவது சொன்னால், பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவு 2 வருடம் வரை உள்ளே வைக்கும் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மகள் பெயரில் வரும் ‘ழ’வை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

‘இசட்-எச்’ என்பது புலவர் கட்சி, ‘எல்’ என்பது நடைமுறைக் கட்சி. எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் அதே கட்சியில் இருங்கள். நம் அரசாங்கமே 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணை போட்டுவிட்டு, ஒரு வாரம் போல ஊரே எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்ததும் திரும்ப வாங்கிக்கொண்டது. தனி மனிதர் நீங்கள், எதற்கு வம்பு?

பிரவுசிங் சென்டரில் ‘எல்லாம் சேர்த்து ஐயாயிரம்’ என்கிறார்கள். நியாயமா?
– கம்பம் வாசகர்

பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000 ரூபாய். 18 வயதுக்குள் 1,000. அறுபதைத் தாண்டியவர் புதிதாக எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. தட்கல் என்றால் மேலே 2,000. பத்து விரலும் தட்டச்சு தெரிந்த ஒருவருக்குத் தட்டிக்கொடுத்த கூலி தரலாம், தப்பில்லை. ‘எல்லாம் சேர்த்து’ என்ற இரண்டு சொல்லுக்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். இணையதள முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்பதையும் எட்டிப் பாருங்கள். அரசுத் தளம் போலவே கோபுரமும் சிங்கமும் வைத்த போலிகள் உலவுகின்றன. சந்தேகம் என்றால் 1800-258-1800, கட்டணமில்லா எண்.

கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு போகலாமா?
– உத்தமபாளையம் பிரமுகர்

போட்டோவை அங்கேயே எடுக்கிறார்கள், பின்னணி வெள்ளை. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, உங்களுக்கு நரைமுடி வேறு. தலை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அடுத்த 10 வருடம் ஒவ்வொரு விமான நிலையத்திலும் அந்தத் தலைதான் நீங்கள். ஒரு நாளைக்குக் கட்டம் போட்ட சட்டை போடுங்கள், கட்சி மன்னிக்கும். (4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டும்.)

போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு எவ்வளவு தர வேண்டும்?
– அரியலூர் வாசகர்

சட்டப்படி ஒரு ரூபாயும் இல்லை. உங்கள் கேள்வியில் ‘எவ்வளவு’ முதலிலேயே வந்து நிற்பதைப் பார்த்தால் ஊரில் ஒரு விலைப்பட்டியல் புழங்குகிறது என்று தெரிகிறது. ‘டீ செலவு’ என்பார்கள். எந்த ஊர் டீ அந்த விலை என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

என் கதையைக் கேளுங்கள். முதல் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க ஒரு காவலர் சைக்கிளில் வந்தார். நான் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார். சாக்கடை வாய்க்கால் விவகாரத்தில் எங்களோடு ஏழு மாதமாகப் பேச்சு இல்லாத வீடு அது. ‘அப்படி யாரும் இல்லையே’ என்று பதில் வந்திருக்கிறது. நான் ஸ்டேஷனுக்குப் போய், இருக்கிறேன் என்று உடம்பால் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குள் தெருவில், நான் எதிலோ மாட்டிக்கொண்டேன் என்று முடிவாகி, ஜாமீனுக்கு இரண்டு பேர் தயாராகிவிட்டார்கள். அதில் ஒருவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

ஆகவே விண்ணப்பம் போடுமுன் அக்கம்பக்கத்தில் ராசியாகுங்கள். அதைவிட முக்கியம்: இப்போது எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த முகவரியைக் கொடுங்கள். பையன் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு ‘நம்ம வீட்டு அட்ரஸ்தானே’ என்று ஊர் முகவரியை எழுதுகிறான். காவலர் வருகிறார், தாத்தா மட்டும் இருக்கிறார். ‘இந்த முகவரியில் வசிக்கவில்லை’ என்று அறிக்கை போகிறது, கோப்பு நின்றுவிடுகிறது. 2018இலிருந்து நாட்டின் எந்த மூலையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம், சொந்த ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

பழைய பாஸ்போர்ட் எண்ணின் கூட்டுத்தொகை 6, எனக்கு ராசி. புதுப்பித்தால் அதே எண் கிடைக்குமா?
– முத்துப்பேட்டை வாசகர்

கிடைக்காது. நாம் பழக்கத்தில் புதுப்பிப்பது என்கிறோம். அவர்கள் ‘ரீ-இஷ்யூ’ என்கிறார்கள். அதாவது புதுப் புத்தகம், புது எண். பழையதில் ஓரத்தை வெட்டி ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். ராசியை அதில் வைத்துக்கொள்ளுங்கள். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம். பல நாடுகள் 6 மாதமாவது பாக்கி இருந்தால்தான் உள்ளே விடும். காலாவதியாகி 3 வருடத்துக்கு மேல் தூங்கிவிட்டீர்களா? சைக்கிள் மறுபடி வரும்.

பத்தாவது ஃபெயில். சவுதிக்கு வேலைக்குப் போகிறேன். பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ என்று வந்திருக்கிறது. அவமானமாக இருக்கிறது. விசிட் விசாவில் போய்விடலாம் என்கிறார் ஏஜென்ட்.
– சாயல்குடி வாசகர்

தம்பி, இதில் வேடிக்கை இல்லை, நேராகவே சொல்கிறேன். பத்தாவது தேறாதவர்கள், வேறு விலக்கு இல்லாவிட்டால், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்பதே இசிஆர். சவுதி, குவைத், அமீரகம், மலேசியா எல்லாம் பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டம் இதைப் போட்டது உங்களைத் தடுக்க இல்லை. வேலை ஒப்பந்தம் கையில் இருக்கிறதா, சம்பளம் எழுதியிருக்கிறதா, ஏஜென்ட் பதிவு பெற்றவரா, காப்பீடு எடுத்தாயிற்றா என்று ஒருவர் உங்களுக்காகப் பார்க்கிறார். விசிட் விசாவில் போனால் இந்த நாலும் இல்லை. அங்கே சம்பளம் நின்றால் எந்தக் காகிதத்தைக் காட்டுவீர்கள்?

ஏஜென்ட் கூலிக்கும் வரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும், ரசீதோடு. ரசீது கேட்டதும் அவர் முகம் போகும் போக்கைக் கவனியுங்கள். தேறாத பாடங்களை எழுதித் தேறிவிட்டால் மார்க் ஷீட்டைக் காட்டி இசிஆரை நீக்கிக்கொள்ளலாம். அது ஏஜென்டுக்குக் கொடுப்பதைவிட மலிவு.

கடனுக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார் ஒருவர். நகை மாதிரி மீட்க வேண்டியதுதானா?
– ஆலங்குடி வாசகர்

நகை உங்களுடையது, அடகு வைக்கலாம். பாஸ்போர்ட் உங்களுடையதே இல்லை. 1967ஆம் வருடத்துச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி அது எப்போதும் மத்திய அரசின் சொத்து. கடன் கொடுத்தவரிடம் போய், ‘அண்ணாச்சி, நீங்கள் டெல்லி சர்க்காரின் பொருளைப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள்’ என்று பக்குவமாகச் சொல்லுங்கள். கடனையும் கட்டிவிடுங்கள்.

அம்மாவுக்கு முக்திநாத் போக ஆசை. வயது 70. அலைய முடியாது. பாஸ்போர்ட் எடுக்காமல் ஏதாவது வழி?
– திசையன்விளை வாசகி

வழி என்ன, ராஜபாட்டையே இருக்கிறது. முக்திநாத் நேபாளத்தில். நம்மவர்கள் நேபாளம், பூடான் இரண்டுக்கும் வாக்காளர் அட்டையோடு போகலாம். இன்னொரு இடமும் உண்டு, பக்கத்திலேயே: கச்சத்தீவு. 1974 ஒப்பந்தப்படி அங்கே அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் பக்தர்களுக்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். ராமேஸ்வரத்தில் முன்பதிவு செய்து படகு ஏறினால் சரி. அம்மாவிடம் இரண்டு கோயிலையும் சொல்லிப் பாருங்கள். அந்தோணியாருக்குக் கடல் நோய் மாத்திரை தேவைப்படலாம்.

பாஸ்போர்ட் எடுத்து ஒன்பது வருடம். எங்கும் போகவில்லை. மறுபடி எடுக்க வேண்டுமா?
– மானாமதுரை வாசகர்

என் முதல் பாஸ்போர்ட் பத்து வருடம் பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே பத்திரமாக இருந்தது. அடுத்ததற்குப் போனபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் அதன் 36 பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார். ஒரு முத்திரை இல்லை. கடைசிப் பக்கத்தில் அந்துருண்டை வாசனை மட்டும். மூடி வைத்துவிட்டு முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: “சார், 36 பக்கமே போதுமா, 60 போடட்டுமா?”

அறுபது என்றேன்.