சீட்டு எழுத ஒரு எம்.பி.

ஆஸ்திரேலியாவில் ஒரு விசேஷ வைத்திய முறை உண்டு. என்ன நோய் என்று டாக்டர் சொல்வார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கான்பெராவில் ஒரு அதிகாரி சொல்வார். நோயாளி படகில் வந்தவனாக இருந்தால் போதும்.

ஹமீத் கசாயி, ஈரான்காரர், 24 வயது. 2014 ஆகஸ்டில், படகில் வந்தவர்களை ஆஸ்திரேலியா அடைத்துவைத்த பாப்புவா நியூகினியின் மானுஸ் தீவு முகாமில், காலில் ஒரு புண். நம் வீட்டில் பாட்டி மஞ்சள் பற்றுப் போட்டிருப்பாள். வெளியே அனுப்புங்கள் என்றார் முகாம் டாக்டர். கோப்புக்கு அவசரமில்லை, கிருமிக்கு இருந்தது. செப்டம்பரில் பிரிஸ்பேனில் செத்துப்போனார். தடுத்திருக்கக்கூடிய சாவுதான் என்று விசாரணையில் எழுத 2018 ஆயிற்று.

அதே ஆண்டு அக்டோபரில், சிட்னியின் வென்ட்வொர்த் இடைத்தேர்தலில் டாக்டர் கெரின் ஃபெல்ப்ஸ் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். ஆஸ்திரேலிய மருத்துவச் சங்கத்தின் முதல் பெண் தலைவர். ஒரு பெண்ணை மணந்தவர். ஒருபால் திருமணம் பற்றிய வாக்கெடுப்பில் நூற்றுக்கு 80 பேர் சரி சொன்ன தொகுதி. நாடே சரி என்றுதான் சொன்னது. சொல்லிவிட்டு, ஈரானிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்த தன்பால் விரும்பிகளை, அந்த உறவுக்கு 14 ஆண்டுவரை சிறை என்று சட்டம் வைத்திருக்கும் பாப்புவா நியூகினியிலேயே விட்டுவைத்தது. கல்யாணச் சாப்பாடு உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்.

டாக்டரம்மா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு டாக்டர்கள் எழுதிக்கொடுத்தால் முகாம் நோயாளியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவாருங்கள். அரசு சட்டப் புத்தகத்தைப் புரட்டியது. அந்தச் சீட்டுகளைப் பரிசீலிக்கும் குழுவின் டாக்டர்களுக்குச் சம்பளம் என்று மசோதாவில் செனட் சேர்த்தது அரசியல் சட்டத்துக்கே ஆகாதாம்! சரி, சம்பளமே வேண்டாம் என்று திருத்தினார்கள். 2019 பிப்ரவரியில் மசோதா கீழவையில் 75க்கு 74 என்று நிறைவேறியது. உடனே, அப்படி வருபவர்களை அடைக்கக் கிறிஸ்துமஸ் தீவு முகாமைத் திறக்க ஏறத்தாழ 18 கோடி டாலர் கிளம்பியது. அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை. உள்ளூர் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் இடம் போய்விடும் என்று அழுதார் அமைச்சர் பீட்டர் டட்டன். அன்றைய பிரதமர் மோரிசனின் அறையிலோ படகு வடிவத்தில் ஒரு கோப்பை, 'இவற்றை நிறுத்தியது நான்' என்ற எழுத்தோடு. வேட்டைக்காரன் சுவரில் மான்தலை மாட்டுவான். இவர் படகு வைத்திருந்தார்.

மே மாதம் டாக்டரம்மா தோற்றார். டிசம்பரில் சட்டத்தை ரத்து செய்தார்கள்.

2021 ஜூனில் அதே கிறிஸ்துமஸ் தீவில் ஒரு தமிழ்க் குழந்தை நாள் கணக்கில் காய்ச்சலில் கிடந்தாள். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவள், நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அந்தச் சட்டம் இருந்திருந்தாலும் அவளுக்குப் பயன்பட்டிருக்காது. அது நவுருத் தீவு முகாமுக்கும் பாப்புவா நியூகினிக்கும்தான். பெற்றோர் மன்றாடினார்கள்; காய்ச்சல் மாத்திரைதான் கிடைத்தது என்றார்கள். ரத்தத்தில் கிருமி ஏறிய பிறகு பெர்த்துக்குக் கொண்டுபோக விமானம் வந்தது. அவளோடு அம்மாவை ஏற்றினார்கள். அப்பாவையும் அக்காவையும் தீவிலேயே நிறுத்தினார்கள்.