கப்பலேறப் போற மருமகனுக்கு

வாங்க வாத்தியார் மருமகனே, இப்படி இஸ்தோப்புல குந்துங்க. தலவாக்கலைக்குப் போயி கப்பல் படம் போட்ட கடதாசி வாங்கிட்டு வந்திருக்கீங்களாம், உங்க அத்தை சொன்னா. குடுங்க பாப்போம். நீச்சல் குளம், விடிஞ்சா அடைஞ்சா சாப்பாடு, ஆட்டம், பாட்டு. இந்தப் படத்துல சிரிக்கிறாளே, இவ பேங்குல லோன் போட்டுப் போனவளாத் தெரியல. நீங்கதான் போடப் போறீங்க. வேணாம்னு நான் சொல்லல. போயிட்டு வந்தவன்ங்கிற மொறையில ரெண்டு வார்த்தை சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் உங்க இஷ்டப்படி ஏமாறுங்க.

தேயிலைத் தோட்டத்துல கவ்வாத்துக் கத்தி புடிச்ச பயலுக்குக் கப்பல் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. 1964ல சிறிமாவும் சாஸ்திரியும் டில்லியில குந்தி நம்ம தோட்டத்துச் சனத்தைப் பங்கு பிரிச்சாங்கல்ல, அஞ்சேகால் லட்சம் பேரு அந்தப் பக்கம் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேரு இந்தப் பக்கம் இலங்கைக்குன்னு? அதுல என் தம்பி அந்தப் பக்கத்துக் கணக்குல விழுந்தான். தலவாக்கலை ஸ்டேசன்ல ஒப்பாரிக் கோச்சி ஏறி, தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி, கோத்தகிரியில போயி மறுபடியும் தேயிலைக்குள்ளயே எறங்குனான். அவன் மகன் இப்ப சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் வேல. "பெரியப்பா, எங்கப்பா அழுதுக்கிட்டே கப்பலேறுனாரு, நீங்க சிரிச்சுக்கிட்டே ஒரு கப்பல் ஏறணும்"னு எனக்கும் அத்தைக்கும் டிக்கட் போட்டுட்டான். சிங்கப்பூர்ல ஏறி, பினாங்கு, புக்கெட், கொழும்பு, கொச்சி, பம்பாய். பிள்ளை ஆசையாக் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? சிரிச்சுக்கிட்டேதான் ஏறுனேன். ஏறுன கொஞ்ச நேரத்துல சங்கு ஊதிட்டான்.

ஏழு சின்னச் சத்தம், ஒரு நீளச் சத்தம். உங்க அத்தை பதறி எழும்பி, தலைக்குக் கொங்காணி தேடுறா. பெரட்டு! எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, அட்டையத் தட்டி, ஆள் எண்றாங்க. பேரு விட்டுப் போச்சுன்னா தேடி வர்றாங்க. 2012ல இத்தாலிக் கரையோரம் கொஸ்டா கொன்கோர்டியான்னு ஒரு கப்பல் பாறையில மோதிச் சரிஞ்சு 32 பேரு செத்தாங்க. புதுசா ஏறுன சனத்துக்கு அன்னைக்கு இந்தப் பெரட்டு நடக்கவே இல்லையாம். அதுக்கப்புறந்தான் கப்பல் கெளம்புறதுக்கு முந்தியோ கெளம்புன கையோடயோ நடத்தியே ஆகணும்னு சட்டம் போட்டான். நல்ல சட்டந்தான். ஆனா காலம் பூரா தோட்டத்துப் பெரட்டுக்களத்துல நின்ன மனுசன், காசு குடுத்துப் போயி இன்னொரு பெரட்டுல நிக்கிறானேன்னு எனக்குச் சிரிப்புத் தாங்கல.

அதுலேருந்து எனக்குக் கப்பல் கப்பலாவே தெரியல, தோட்டமாத்தான் தெரிஞ்சுது. மேல பால்கனி வச்ச பங்களா. நடுவுல லயம்: நீளக் கொறடு, ரெண்டு பக்கமும் காம்பரா, கதவுக்குக் கதவு நம்பர். எங்க காம்பராவுக்கு ஜன்னல் கெடையாது. வெளிச்சத்தை அணைச்சா பகலா ராவான்னு வெளங்காது. கக்கூசு மட்டும் தண்ணி ஊத்தாம ஒரு உறிஞ்சு உறிஞ்சும் பாருங்க, அத்தை மொத நாளு அதுக்குள்ள பேய் இருக்குன்னு வெளிய ஓடி வந்துட்டா. மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தா, கட்டிலுக்கு மேல கொரங்கு தொங்குது. கத்திட்டா. கிட்டப் போயிப் பாத்தா தொடைக்கிற துவாய். காம்பரா கூட்டுற பையன் மடிச்சுத் தொங்கவிட்டிருக்கான், நம்மளச் சந்தோசப்படுத்தவாம். ஹோட்டன் சமவெளிப் பக்கமிருந்து கொரங்கு எறங்கி வந்து காய்கறித் தோட்டத்தைப் பாழாக்குற ஊர்க்காரிக்கு, துணிக் கொரங்கு காட்டுனா சந்தோசமா வரும்?

சாப்பாட்டைப் பத்திக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிப் போகும். பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கான். வாசல்ல ஒருத்தன் நின்னு வர்றவன் கையிலெல்லாம் மருந்து பீச்சுவான். நம்ம தாத்தன்மாரு இந்தியாவுலேருந்து வர்றப்ப மண்டபம் கேம்ப்ல தடுத்து வைக்கப்பட்டு, மருந்துத் தண்ணியும் அம்மை ஊசியும் பட்டு வந்த கதைய எங்கப்பா சொல்லுவாரு. அவங்களுக்கு மருந்து முடிஞ்சதும் கடல். எனக்கு மருந்து முடிஞ்சதும் இறால். அதுவரைக்கும் முன்னேற்றந்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஆளுங்க தட்டுல அள்ளுற அள்ளப் பாக்கணுமே! பாதி தின்னுட்டுப் பாதியத் தள்ளிட்டுப் போறான், அரை மணி கழிச்சு மறுபடி வந்து நிக்கிறான். பசிக்கிறதுக்கு நேரமே குடுக்க மாட்டாங்க மருமகனே. நடு ராத்திரி நான் எழும்பி ஏங்குனது என்னாத்துக்கு? சுட்ட ரொட்டிக்கும் கட்டச் சம்பலுக்கும்.

இப்ப முக்கியமான எடம், காதக் குடுங்க. கப்பல்ல காசு செல்லாது. ஏறுனதும் ஒரு அட்டை குடுப்பான், எல்லாம் அதுலதான். தட்டுனா கதவு தொறக்கும், தட்டுனா குளிர்பானம் வரும், தட்டுனா போட்டோ வரும். தட்டுறப்ப ஒண்ணும் வலிக்காது. சாப்பாடு டிக்கட்டுல சேத்தின்னு போட்டிருக்கான்ல? கீழ பொடி எழுத்துல என்னா போட்டிருக்கான்னு கண்ணாடி போட்டுப் படிங்க. போத்தல்ல வர்றது சேத்தி இல்ல. போன்ல வலைத்தளம் பாக்குறது சேத்தி இல்ல. டாக்டரு சேத்தியே இல்ல. ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு சேவைக் காசு வேற, நீங்க கேட்டாலும் கேக்காட்டியும் ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு குவளை ஆரஞ்சுத் தண்ணிக்கு அட்டையத் தட்டிட்டு ரூபாயில பெருக்கிப் பாத்தேன். 2024ல வர்த்தமானி போட்டு தோட்டத்துல ஒரு நாள் பேருக்கு 1,350 ரூபான்னு கூட்டுனாங்கல்ல, அந்த ஒரு பேரு அந்தக் குவளைக்குள்ள போச்சு. ஐஸ் கட்டியோட.

கடைசி ராத்திரி கதவுக்குக் கீழ கணக்குச் சீட்டு வந்து விழும். கணக்கு முடிக்காம எறங்க முடியாது. இதை நான் எங்க பாத்தேன்னு ரோசிச்சேன். பாத்ததில்ல, கேட்டிருக்கேன். அந்தக் காலத்துக் கங்காணிமாரு ஆளுக்கடனைத் துண்டுல எழுதி வைப்பாங்க. அந்தக் கடனை வேற தோட்டத்தான் கட்டுனாத்தான் ஆளு தோட்டம் மாறலாம். அந்தத் துண்டு முறைய 1921ல ஒழிச்சதா உங்க பள்ளிக்கூடப் புஸ்தகத்துல நீங்களே பிள்ளைங்களுக்கு நடத்துறீங்க. ஒழிக்கல வாத்தியாரே. பிளாஸ்டிக்குல அடிச்சுக் கடலுக்கு அனுப்பிட்டாங்க. வித்தியாசம் ஒண்ணுதான்: எங்க தாத்தனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

துணி தோய்க்கிற எடத்துல ஒரு பையன் இருந்தான். நம்ம ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. நம்ம பேச்சுச் சத்தம் கேட்டு ஒட்டிக்கிட்டான். மாசக் கணக்குல ஒப்பந்தம், வீட்டுக்குக் காசு அனுப்புறான், பிள்ளை தவழுறத போன்ல பாக்குறான். கப்பல் ஆளுங்கள நாளைக்கு 14 மணித்தியாலம், கிழமைக்கு 72 மணித்தியாலத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாதுன்னு உலகச் சட்டம் இருக்காம். "அப்போ நல்ல சட்டந்தானே தம்பி"ன்னேன். "தாத்தா, 72ஐ ஏழால பிரிச்சுப் பாருங்க, அதுல ஞாயித்துக்கெழமை எங்க இருக்கு?"ன்னான். அவங்க படுக்கிறது அடித்தட்டுல, பணியக்கணக்குல. கடல்ல இருந்துக்கிட்டே கடலைப் பாத்துப் பல நாளாச்சுன்னு சொன்னான். அன்னைலேருந்து அத்தை எங்க துணிய லாண்டரிக்குப் போடல, கொழாயடியில தானே கசக்கிக் காயப் போட்டா.

கடலைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேன்னு பாக்குறீங்க. புக்கெட்டைத் தாண்டுனா கொழும்பு வரைக்கும் தண்ணிதான். காலையில பாத்தா நீலம், மத்தியானம் பாத்தா அதே நீலம். வேலை செஞ்ச ஒடம்புக்குச் சும்மா இருக்கிறது பெரிய வேலை. சூதாட்டம் ஒரு பக்கம், நம்பர் கூப்புடுற ஆட்டம் ஒரு பக்கம், கோட்டு போட்டுக்கிட்டுச் சாப்புடுற ராத்திரின்னு ஒண்ணு. நான் வேட்டியில போனேன், ஒரு வெள்ளைக்காரம்மா என்னைய ராசான்னு நெனச்சு போட்டோ புடிச்சிக்கிட்டா. இருக்கட்டும். ஆனா விடியக்காலையில, பெரட்டுக்கு எழும்பிப் பழகுன நேரத்துல, மேல்தட்டுக்குப் போனா ஒரு குஞ்சும் இருக்காது. அப்போ மீனு பறந்துச்சு. மீனு பறக்குமான்னு கேக்காதீங்க, கூட்டமாப் பறந்து மறுபடி தண்ணிக்குள்ள விழுந்துச்சு. ஒரு ராத்திரி தூரத்துல வெளக்கு ஒண்ணு சுத்திச் சுத்தி அடிச்சுது. தேவேந்திரமுனை வெளிச்சவீடுன்னாங்க. நம்ம நாட்டை வெளியிலேருந்து நான் பாத்தது அன்னைக்குத்தான். அத்தைய எழுப்பிக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். இதுக்கு அட்டை தட்டச் சொல்லல.

கொழும்புல கப்பல் நின்னுச்சு. எறங்கிச் சுத்திப் பாக்க டொலர்ல டிக்கட். அதுல ஒண்ணு, தேயிலை ருசி பாக்குற பயணம். தம்பி மகன் வெளையாட்டா எங்க ரெண்டு பேருக்கும் அதையே வாங்கிட்டான். குளிரூட்டுன கடை, கழுத்துப்பட்டி கட்டுன பொடியன். வெள்ளைத் துணியில கிண்ணம் கிண்ணமா வரிசை. 1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவுல தேயிலை போட்டதுலேருந்து ஆரம்பிச்சான். காட்டை வெட்டுனவன், கான் வெட்டுனவன் பேரு ஒண்ணுகூட அந்தக் கதையில வரல. அப்புறம் டிம்புள தேயிலைன்னு ஒரு கிண்ணத்தைத் தூக்குனான். தை மாசி பங்குனிக் காத்துல வெளைஞ்சதுதான் ஒசத்தின்னான். நம்ம அக்கரப்பத்தனை, டயகமப் பக்கந்தான். அந்தக் காத்துல பனி அடிச்சா கொழுந்து கருகும், வெரலு வெடிக்கும், அதை அவன் சொல்லல. கரண்டியால உறிஞ்சித் துப்பச் சொன்னான். அத்தை உறிஞ்சுனா, முழுங்குனா. "நல்ல தேத்தண்ணிய ஏன்பா துப்பச் சொல்ற?"ன்னா. பொடியன் சிரிச்சுக்கிட்டு, ஒரு கொழுந்தை எடுத்து அத்தை கையில வச்சு, எப்படிக் கிள்ளணும்னு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சான். அவ அதைத் திருப்பிப் பாத்தா. "தம்பி, இது முத்தி பங்கியாப் போச்சு. இதைக் கூடையில போட்டா நெறுவையில கங்காணி என் கிலோவ வெட்டிருவான்"ன்னா. கூட வந்த வெள்ளைக்காரங்க எல்லாம் கை தட்டுனாங்க, அவளையும் கம்பெனி ஆளுன்னு நெனச்சு.

வெளிய வந்ததும் அவ கேட்டா, "இப்போ கோட்டைக்குப் போயி கோச்சி புடிச்சா ராவுக்கு வீட்டு அடுப்பு பத்த வச்சிரலாமே?" அவளைச் சமாதானம் பண்ணி மறுபடி கப்பலேத்தினேன். பம்பாய் வரைக்கும் எங்கூடப் பேசல.

இன்னொரு கப்பல் கதையும் கேட்டுக்குங்க. 2023 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துலேருந்து எம்பிரஸ்னு ஒரு உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு நம்ம நாட்டுக்கு ஓட ஆரம்பிச்சுது. மாலை, மேளம், பேப்பர்ல படம். அடுத்த மாசம் 28ஆம் தேதி தலைமன்னார்லேருந்து நம்ம சனங்க நடக்க ஆரம்பிச்சு, ஆகஸ்ட் 12ல மாத்தளைக்கு வந்தாங்க. 200 வருசத்துக்கு முந்தி வந்தவங்க நடந்த தடமாம். 1864ல ஆதிலட்சுமி கப்பல் முழுகி, அதோட கடலுக்குள்ள போன நம்ம சனங்க அந்தத் தடத்துலகூட இல்ல. அந்த உல்லாசக் கப்பலுக்கும் இந்த நடைக்கும் ஒரே கடல், ஒரே வருசம். பள்ளிக்கூடத்துல பொது அறிவுக் கேள்வி கேப்பீங்கல்ல, இதையும் ஒரு நாளு கேட்டுப் பாருங்க.

சரி, மொகத்தைத் தொங்கப் போடாதீங்க. போறதுன்னே முடிவு பண்ணிட்டா, காம்பரா நடுத்தட்டுல, கப்பலோட நடு வயித்துல கேளுங்க, ஆட்டம் கொறச்சல். ஒரு துண்டு இஞ்சி மடியில வச்சுக்குங்க, தலை சுத்துனா மெல்லுங்க. நம்ம தோட்டத்துத் தூளு காப்போத்தல் அளவாவது கொண்டு போங்க, அங்க குடுக்கிறது நூலு கட்டுன பை. அட்டையப் பொண்டாட்டி கையில குடுத்துருங்க. விடியக்காலையில எழும்புங்க.

இன்னொண்ணு. உங்க கலியாணத்துக்கு டயகம பஜார்ல பாய் கடையில, என் கொப்பியில எழுதுன அரிசி மூட்டைக் கணக்கு இன்னும் வெட்டுப்படல. அதை வெட்டிட்டுக் கப்பலேறுங்க. இல்லாட்டி பாய் கொப்பியோட கொழும்பு துறைமுகத்துக்கே வந்து நிப்பாரு, எனக்குத் தெரியாது.